தலையாட்டுகிறார் என்று சொன்ன குரல்

அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தவர்கள் இவர்கள். ரோட்டில் கிடந்த என் வீட்டுக்காரர் ஏழுமலை. எதிர்ப்பக்கத்து டீக்கடையிலிருந்து ஓடி வந்த கடைக்காரர். லாரியைக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கிய ஒரு வடநாட்டு டிரைவர். காரை ஓரங்கட்டித் தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டுப் போன ஒரு புருஷன் பெண்சாதி. குட்டி யானை என்று நாங்கள் சொல்கிற சின்ன லோடு வண்டியில் வந்த டிரைவர். அந்த வண்டியின் பின்னால் லோடோடு லோடாக உட்கார்ந்து வந்த ஒரு பெண்பிள்ளை. போனில் படம் பிடித்த இரண்டு பேரையும் சேர்க்க வேண்டுமென்றால் சேர்த்துக்கொள்ளலாம். அப்புறம் நான். நான் மஸ்கட்டில், ஒரு வீட்டுச் சமையற்கட்டில், காதில் போனோடு நின்றிருந்தேன். இருந்தவர்கள் கணக்கில் என்னைச் சேர்க்கலாமா கூடாதா என்று எனக்கே தெரியவில்லை.

இதெல்லாம் அன்றைக்கே எனக்குத் தெரிந்ததில்லை. இந்த லீவுக்கு வந்தபோது திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே அலைந்து, ஒவ்வொருவராகக் கேட்டுச் சேர்த்தது.

எங்கள் பக்கம் ரோட்டில் யாராவது விழுந்து கிடந்தால், முதலில் பாக்கெட்டைத் தடவிப் போனை எடுப்பார்கள். திருடுவதற்கு இல்லை. கடைசியாக எந்த நம்பரில் பேசியிருக்கிறாரோ அதையே திரும்பப் போடுவார்கள். என் வீட்டுக்காரர் போனுக்குப் பூட்டுப் போடத் தெரியாதவர். கடைசியாகப் பேசியது என்னிடம். அதனால் வளவனூரில் இருக்கிற அவருடைய தங்கைக்குப் போக வேண்டிய செய்தி கடல் தாண்டி எனக்கு வந்தது.

பேசியது ஒரு பெண் குரல். கரகரவென்று, சண்டைக்கு வருகிற மாதிரி. "யம்மா, இந்த போன்காரர் உனக்கு இன்னா வேணும்?" என்றது. வீட்டுக்காரர் என்றேன். "வண்டி ஒண்ணு ஒரசிட்டுப் போயிட்டான். உசிரு இருக்கு. பயப்படாத" என்றது.

பின்னால் ஒருவர் இந்தியில் கத்துவது கேட்டது. கூட வேலை செய்கிறவர்களோடு பழகி எனக்கு இந்தி கொஞ்சம் புரியும். 'தூங்க விடாதீர்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள்' என்று அந்த ஆள் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே யாருக்கும் அது புரியவில்லை. மஸ்கட்டில் நின்றுகொண்டு நான்தான் அதைத் தமிழில் சொன்னேன். "அப்ப நீயே பேசு. உன் கொரலுதான் அவருக்குத் தெரியும்" என்று அந்தப் பெண் போனை அவர் காதுப் பக்கம் வைத்துவிட்டாள்.

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. நான் பேசினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். பிள்ளைகள் பேரைச் சொன்னேன், அவர் பேரையே சொன்னேன், நான் ஊருக்கு வந்ததும் என்னென்ன செய்யலாம் என்று சொன்னேன். நடுநடுவே, கேட்கிறாரா, கேட்கிறாரா என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "கேக்கறாரு. தலையாட்டறாரு. நீ பேசு" என்றாள். முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் யாரோ ஸ்ட்ரெச்சர் கேட்டுக் கத்தியது வரைக்கும் காதில் விழுந்தது. அதோடு போன் நின்றுபோனது.

அப்போது என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. காரியத்துக்கு என்னால் வர முடியவில்லை.

இப்போது வந்து இறங்கியபோது வளவனூர் வீட்டில் அவர் சட்டைகள்கூட இல்லை. யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் இரண்டும் நாத்தனார் செல்வியிடம்தான் வளர்கின்றன. என்னைப் பார்த்ததும் சின்னது செல்வியின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. செல்வி கேப்பைக் களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். மஸ்கட்டில் குபூஸ் ரொட்டியைப் பிய்த்து வாயில் போடும் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்ட சாப்பாடு. ஒரு உருண்டைக்கு மேல் இறங்கவில்லை.

செல்வி என் இலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள். "நீ மனச வுட்டுடாத அண்ணி. அண்ணன் ஒண்ணும் கஷ்டப்படல. ஸ்பாட்லயே போயிட்டாருன்னுதான் சொன்னாங்க. கொண்டாறப்பவே உசிரு இல்லியாம்."

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். ஸ்பாட்டிலேயே போனவர் எப்படித் தலையாட்டுவார்? அப்படியானால் அவ்வளவு நேரமும் நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்?

நான் எட்டாவதோடு நின்றவள். ஒன்றைப் பிடித்துக்கொண்டால் விடாமல் அதையே சுற்றிச் சுற்றி நினைக்கிற புத்தி எனக்கு. அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை திரும்பிப் பார்ப்பேன். இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு திரும்ப விமானம் ஏறினால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தெரிந்தது. அந்தக் குரலைத் தேடுவது என்று முடிவு செய்தேன். அவள் பேசியது அவர் போனில். அவள் நம்பரும் இல்லை, பேரும் இல்லை.

*

மறுநாள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆரம்பித்தேன். அவர் சென்ட்ரிங் வேலைக்குத் தினமும் வந்துபோன ஊர். சாயங்காலம் வேலை முடிந்ததும் இந்த ஸ்டாண்டுக்கு வெளியே நின்று வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், வாங்கிக் கொறித்தபடி எனக்குப் போன் போடுவார். உரிக்கிற சத்தம் கேட்கும். நானும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். சூடு. உப்பு சரியாக இருந்தது. உரித்து ஒவ்வொன்றாகத் தின்றேன். கேட்பதற்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை.

பஸ்ஸில் நான் முன் சீட்டிலும் உட்கார மாட்டேன், கடைசி சீட்டிலும் உட்கார மாட்டேன். நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விபத்து நடந்த கூட்டேரிப்பட்டுக்கு டிக்கெட் வாங்கியும் பஸ் மேம்பாலத்தில் ஏறிவிட்டது. கண்டக்டரிடம் சொன்னதற்கு, பாலத்தில் ஏறிவிட்டால் நிற்காது, ஏறும்போதே கேட்டிருக்க வேண்டும் என்றார். டிக்கெட் கொடுத்ததே அவர்தான். பாலம் இறங்கி வெகு தூரம் தள்ளி, வயல் நடுவே இறக்கிவிட்டுப் போனார்கள்.

வெயிலில் சர்வீஸ் ரோட்டில் திரும்பி நடந்தேன். ரோட்டோரம் என்றால் என்னென்ன கிடக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கிழிந்த டயர்த் துண்டு, ஒற்றைச் செருப்பு, பொடிப்பொடியாகக் கண்ணாடி. கண்ணாடிப் பொடி மின்னுகிற ஒவ்வொரு இடத்திலும் இதுதானோ என்று நின்றேன். ஓரிடத்தில் காய்ந்த வேப்பங்கிளையும் நாலைந்து கல்லும் வரிசையாக ஒதுங்கிக் கிடந்தன. வண்டி நின்றுபோனாலோ, ஆள் விழுந்து கிடந்தாலோ, பின்னால் வருகிறவன் ஏற்றிவிடாமல் இருக்க லாரிக்காரர்கள் இப்படித்தான் கல்லும் தழையும் போடுவார்கள். வேலை முடிந்த பிறகு யாரும் எடுக்க மாட்டார்கள்.

மஸ்கட்டில் ஒருமுறை மேடத்தோடு காரில் போகும்போது ஒரு விபத்தைத் தாண்டிப் போனோம். கார்கள் எல்லாம் விளக்கு மினுக்கிக்கொண்டு வரிசை கலையாமல் நகர்ந்தன. ஒருவரும் இறங்கவில்லை. ஆம்புலன்ஸ் உடனே வந்தது. திரும்பி வரும்போது ரோட்டைக் கழுவிவிட்டது போல் இருந்தது. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே கூட்டம் சேராது. நம் ஊரில் சேருகிற கூட்டத்தைத் திட்டாதவர்கள் இல்லை. வேடிக்கை பார்க்கிறான், படம் பிடிக்கிறான், காற்றை மறைக்கிறான் என்று. எனக்கோ அந்தக் கூட்டத்தில் ஒருத்தர் முகத்தையாவது பார்த்துவிட மாட்டோமா என்று இருந்தது.

டீக்கடை இருந்தது. கடைக்காரரிடம் தேதியைச் சொல்லிக் கேட்டேன். அன்றைக்கு நான் கடையே திறக்கவில்லையே என்றார், பாலை ஆற்றிக்கொண்டே. பெஞ்சில் இருந்தவர் நான் கேட்பதற்கு முன்பே, தான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்றார். பையிலிருந்து பேரீச்சம்பழப் பொட்டலத்தையும் கோடாலித் தைலத்தையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். உதவி செய்தவர்களுக்குக் கொடுக்கலாம் என்று வாங்கி வந்தது. வைத்திருக்கக் கூடாது.

"பேரீச்சம்பழத்துக்கெல்லாம் சாட்சி சொல்ல வரமாட்டாங்கம்மா" என்றார் பெஞ்சுக்காரர். "கோர்ட்டுக்கு அலைஞ்சே செருப்பு தேஞ்சிடும். உன் வக்கீலாண்ட போய் வேற ஆளப் பாருன்னு சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வக்கீலும் இல்லை, கேசும் இல்லை, உரசிய வண்டி எது என்று போலீசுக்கே தெரியவில்லை என்று சொன்னேன். நம்பினார்களோ இல்லையோ, கடைக்காரர் டீயைக் கையில் கொடுத்து, உட்காரச் சொல்லி ஒரு சேரை இழுத்துப் போட்டார்.

மற்றதெல்லாம் மரப் பெஞ்சு. இது ஒன்றுதான் சிவப்பு பிளாஸ்டிக் சேர். டீ குடித்து எழுந்தபோது அதன் முதுகைப் பார்த்தேன். வெள்ளைப் பெயிண்டில் 'தி.ப., விக்கிரவாண்டி' என்று எழுதியிருந்தது. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற சேர்களில், கலந்துவிடாமல் இருக்கக் கடைப் பேரைச் சுருக்கி எழுதுவார்களே, அந்த மாதிரி. டீக்கடையில் வாடகைச் சேருக்கு என்ன வேலை?

"இந்தச் சேர் ஏதுங்க?" என்றேன்.

கடைக்காரர் ஸ்டவ்வைக் குறைத்தார். பெஞ்சுக்காரர் பேப்பரை மடித்தார்.

"குட்டி யானைல பந்தல் சாமான் ஏத்திக்கினு வந்தான்" என்றார் கடைக்காரர். "எறக்கினாத்தான் ஆளப் படுக்க வைக்க முடியும். நானும் சேர்ந்துதான் சேரையெல்லாம் தூக்கிக் கீழ போட்டேன். அப்பால வந்து எடுத்துக்கினு போனான். ரெண்டு சேரு வுட்டுப்போச்சு. ஒண்ணு ஒடைஞ்சிடுச்சு."

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அப்போது அவர் தலையாட்டினாரா?

அவர் வெகுநேரம் கிளாசைக் கழுவினார். தண்ணீர் கொடுத்ததாகச் சொன்னார். அது உள்ளே போனதா, கடைவாயில் வழிந்ததா என்று பார்க்கத் தைரியம் இல்லை என்றார். போனில் அந்தப் பெண் சொன்னதை நான் சொன்னதும் என் முகத்தைப் பார்த்தார்.

"போன்ல அப்படித்தாம்மா சொல்லுவோம். யாரும் போயிட்டாருன்னு சொல்ல மாட்டோம்."

தைலத்தை மட்டும் முட்டி வலிக்கு எடுத்துக்கொண்டார். தன் பேரை எங்கேயும் எழுதிவிடாதே என்று கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.

*

அடுத்த நாள் விக்கிரவாண்டிக்குப் போன டவுன் பஸ் வழியிலேயே பஞ்சர். எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். நிழலில் கூழ் வண்டி ஒன்று நின்றது. மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு கேப்பைக் கூழ் குடித்தேன். பக்கத்தில் குடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என் வளையலைப் பார்த்து, துபாயா என்று கேட்டாள். மஸ்கட் என்றேன். எல்லாம் ஒன்றுதானே, மண்ணுதானே என்றாள். கூழ்க்காரர் அவளிடம், "மண்ணா இருந்தா நீ போய் ஒரு மூட்ட அள்ளிக்கினு வா பாக்கலாம்" என்றார்.

பந்தல் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் என்ன விசேஷம், எத்தனை பேருக்கு என்று ஆரம்பித்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறி, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வண்டி ஓட்டிய ரமேஷ் இப்போது பெங்களூரில் இருக்கிறான், நல்ல பையன், ரத்தத்தைக் கழுவிவிட்டு அன்றைக்கே அதே வண்டியில் லோடு கொண்டுபோனான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு ரெண்டு சேரு காணாம போச்சு. நீங்க அந்தப் பக்கம் போனீங்களே, எங்கனா கண்ணுல பட்டுச்சா?" என்றார்.

இல்லை என்றேன். டீக்கடைக்காரருக்காக நான் சொன்ன பொய்.

பின்னால் உட்கார்ந்து வந்தது யார் என்று கேட்டேன். "அஞ்சல. மண்டபத்துல பாத்திரம் கழுவும். நாளைக்கி விழுப்புரத்துல ஒரு முகூர்த்தம் இருக்கு, அங்க வரும்" என்று மண்டபத்துக்கு வழி சொன்னார்.

அவ்வளவு சுலபமாகப் பேர் கிடைத்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. தேடுகிற வரைக்கும் அவர் தலையாட்டியிருக்கலாம். கண்டுபிடித்துவிட்டால்?

வீட்டுக்குப் போகாமல் முண்டியம்பாக்கத்தில் இறங்கினேன். ஆஸ்பத்திரிக்குள் போகக் கால் வரவில்லை. வாசலுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு தனியார் ஆம்புலன்ஸ் டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன். சிரித்த முகம். அவரிடமும் அதையே கேட்டேன். உயிர் போனவரை இருக்கிறார் என்று போனில் சொல்வீர்களா?

சொல்லுவோம் என்றார். யோசிக்கக்கூட இல்லை. "சீரியஸா இருக்கு, ஜல்தியா வாங்கன்னுதான் சொல்லணும். இல்லன்னா கேக்கறவன் பைக்க எடுத்துக்கினு கண்ணுமண்ணு தெரியாம வருவான். அவனையும் ஒருத்தன் தூக்கிக்கினு வரணும்."

டீயை முடித்துவிட்டுத் தானாகவே இன்னொன்றும் சொன்னார். ஆள் போனது தெரிந்தாலும் பாதி வழியில் விளக்கை அணைக்க மாட்டாராம். எதிரே வருகிறவன் ஒதுங்கி வழிவிடுகிறான், அவன் ஏமாந்து போகக்கூடாது என்றார்.

அவர் சொன்னதில் எனக்கு ஒரு நூல் கிடைத்தது. இரவெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். பைக்கில் ஓடி வருகிறவனுக்குத்தான் பொய் வேண்டும். நான் மஸ்கட்டில் இருக்கிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தேன். நான் எங்கேயும் ஓடி வரப்போவதில்லை. எனக்கு எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

*

விழுப்புரம் மண்டபத்தில் முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. வாசலில் பன்னீர் தெளித்த பெண் நான் யார் என்று கேட்கவில்லை. மாப்பிள்ளை வீடு என்று நினைத்திருப்பாள். சந்தனம் நீட்டினாள். எடுத்துக்கொள்ளலாமா என்று கை தயங்கியது. அவள் குழந்தை முகத்துக்காக எடுத்துக்கொண்டேன்.

பின்கட்டில் அண்டாக்களுக்கு நடுவே நாலைந்து பெண்கள் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார்கள். யார் அஞ்சலை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒருத்தி சமையல்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாள். "இன்னாய்யா இது, ரசத்த அடிபுடிக்க வுட்டிருக்க? ரசம் அடிபுடிச்சி எங்கனா பாத்திருக்கியா நீ? பேஜாரா போச்சு உன்னோட." அதே கரகரப்பு. அந்தக் குரல் என் உள்ளங்காலில் இறங்கியது.

கறுத்து, ஒல்லியாக, அம்பது வயதுக்கு மேல் இருப்பாள். மூக்குத்தி. முழங்கை வரை சாம்பலும் சோப்பும். இத்தனை நாள் நான் குண்டான ஒருத்தியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் போய், கூட்டேரிப்பட்டு என்று ஆரம்பித்தேன். அவள் நிமிரவே இல்லை. "நான் எதையும் பாக்கல. வண்டி நம்பரும் தெரியாது, கிம்பரும் தெரியாது" என்றாள்.

"யக்கா, நான் மஸ்கட்டுலருந்து பேசினவ" என்றேன்.

அவள் கை நின்றது. தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கொரலு வேற மாதிரி இருக்குதே" என்றாள். பிறகு, "அன்னைக்கி அழுதுக்கினே பேசின இல்ல, அதான்" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

சாப்பிட்டாயா என்று கேட்டாள். இல்லை என்றதும் எழுந்து போய், சுடச்சுடச் சோறும் சாம்பாரும் இலையில் வாங்கி வந்து, கவிழ்த்த அண்டாவின்மேல் வைத்தாள். சாப்பிட்டுவிட்டுத்தான் பேச வேண்டும் என்றாள். எதிரே உட்கார்ந்துகொண்டாள். நான் சாப்பிட்டேன். செல்வி வீட்டில் இறங்காத சோறு இங்கே இறங்கியது. பாயசம் வரைக்கும் சாப்பிட்டேன். பேச்சைத் தள்ளிப்போட எனக்கும் அது ஒரு சாக்கு.

அவளே ஆரம்பித்தாள். ரமேஷ் பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினானாம். அவள் ஒரு கையில் போன், ஒரு கையில் துண்டு, துண்டை வெளியே வீசிக்கொண்டே வந்தாளாம். முன்னால் போன பஸ், லாரி எல்லாம் ஒதுங்கின. வழியில் ஒரு வேன்காரன் முன்னால் போய், தானும் ஹாரன் அடித்து டோல்கேட் வரைக்கும் வழி எடுத்துக் கொடுத்தானாம். யார் பெற்ற பிள்ளையோ என்றாள். அவர் தலை அவள் மடியில் இருந்தது. புடவையில் பட்ட கறை போகவில்லை என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள்.

நான் கேட்டேன். "நெசமாவே தலையாட்டினாரா, யக்கா?"

"ஆட்டினாரு."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"டோல்கேட் வரைக்கும் ஆட்டினாரு. அதுக்கப்பறம் இல்ல."

அதற்கு அப்புறமும் ஆட்டுகிறார் ஆட்டுகிறார் என்று சொன்னாயே என்றேன். கோபத்தில் கேட்கவில்லை. குரல்தான் அப்படி வந்துவிட்டது.

"உனக்காவ சொல்லல" என்றாள். "நீ நிறுத்திட்டன்னா நான் தனியா இருப்பேன். வண்டிக்குப் பின்னால அவரும் நானுந்தான். மடியில தல. எனக்குப் பயம். நீ பாட்டுக்குப் பேசிக்கினு இருந்தா, மூணு பேரு போறா மாதிரி இருந்துச்சி."

பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் சத்தமில்லாமல் தேய்த்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. டோல்கேட் வரைக்கும் என்பதையே பிடித்துக்கொண்டேன். கூட்டேரிப்பட்டிலிருந்து டோல்கேட் வரைக்கும் என்றால் கொஞ்ச தூரம் இல்லை. அவ்வளவு தூரம் அவர் என்னைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஸ்பாட்டிலேயே போகவில்லை.

அப்போதுதான் அடுத்த கவலை பிடித்தது. அப்படியானால் அவர் கடைசியாகக் கேட்டது எது? நான் அன்றைக்குப் பேசியதில் நல்ல பேச்சும் உண்டு. ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாததை எல்லாம் சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன். ஆனால் அது முன்னால் சொன்னதா, பின்னால் சொன்னதா?

அஞ்சலையைக் கேட்டேன். அவள் உடனே சொல்லிவிட்டாள். டோல்கேட்டில் வண்டியைப் பார்த்ததும் கம்பியைத் தூக்கிவிட்டார்களாம். வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கினார்களாம். ரமேஷும் ஹாரனை நிறுத்தியிருந்தான். அந்தக் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்ததால் என் பேச்சு அவளுக்கே தெளிவாகக் கேட்டது.

"மளிகைக் கடப் பாக்கியக் குடுத்துடுங்கன்னு சொன்ன. எவ்ளோன்னுகூட கணக்கு சொன்ன. அதுக்கு நல்லா ஆட்டினாரு. அதான் கடைசி."

கிளம்பும்போது பேரீச்சம்பழத்தை வாங்கிக்கொண்டாள். போன் நம்பரும் கொடுத்தாள். அங்கே போனதும் பேசு, சும்மாவாவது பேசு என்றாள்.

வளவனூருக்குப் பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் வாய்விட்டுச் சொன்ன நல்ல பேச்செல்லாம் கடைப் பாக்கிக்குப் பிறகு சொன்னது; அது டோல்கேட்டுக்கு அந்தப் பக்கம், அவர் கேட்காத பக்கம் இருக்கிறது. மல்லாட்டை உரித்துக்கொண்டே அவர் கேட்பாரே, நான் கடையையும் காய்கறியையும் பேசப் பேச, அந்த மாதிரியே கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் காலை மளிகைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பாக்கியைப் பற்றி நான்தான் எடுத்தேன். அண்ணன் போன பிறகு யாரையும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன் என்றார். நான் பர்ஸைத் திறந்தேன். ரூபாயை எண்ணி எடுத்தும் விட்டேன்.

மாதாமாதம் நான் போனில் சொல்வேன், கடைப் பாக்கியைக் கொடுத்துவிடுங்கள் என்று. சரி என்றுகூடச் சொல்ல மாட்டார். அப்புறம் பார்த்தால் கொடுத்திருப்பார். அவர் தலையாட்டினால் கொடுத்துவிடுகிறார் என்று அர்த்தம். இதை நான் கொடுத்துவிட்டால் அவர் கடைசியாக ஆட்டியதற்கு அர்த்தம் இல்லாமல் போகும்.

ரூபாயை உள்ளே வைத்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சோப்பு மட்டும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். வருகிற வாரம் மஸ்கட்டுக்குத் திரும்புகிறேன். கடையில் அவர் பேரில் பாக்கி அப்படியேதான் இருக்கிறது. இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.